எந்த ஆம்

மோஜோவில் தோல் பதமாகிறது.
பேச் நகரில் வெட்டித் தைக்கிறார்கள்.
ஊமெயோவில் முதல் பனி விழும் வாரம்
கடைக்கு வருகிறது.
ஒரு ஜோடிக் கையுறைக்கு மூன்று நாடு,
மூன்றுக்கும் சேர்த்து மேலாளர் நான்.
எனக்கு இரண்டே கை.

முதல் கூட்டத்தை மூன்று மணிக்கு வைத்தேன்.
மோஜோவில் மூன்று மணி என்றால்
விடிந்து மூன்று மணி.
வெர்க்நே கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு
காலை முழுக்க
வெற்றுத் திரையின் முன்னே உட்கார்ந்திருந்தார்.
மதியம் நான் வந்து
"ஆள் வரவில்லை" என்று குறித்தேன்.
அந்த வரி இன்னும் கோப்பில் இருக்கிறது,
என் கையெழுத்தோடு.

பிறகு ஒரு ரசீது வந்தது.
தேதி: பதின்மூன்றாம் மாதம், நான்கு.
தவறு, தவறு என்று சிவந்தது மென்பொருள்.
ஐந்தே நாள் மாதமாம் அது.
ஆண்டைச் செலவழித்து மிஞ்சிய சில்லறை.
எங்கள் கட்டங்கள் பன்னிரண்டு.
நானூறு தோலையும் எந்த மாதத்திலும் வரவு வைக்க முடியாமல்
ஒரு மஞ்சள் தாளில் எழுதி
இழுப்பறையில் போட்டேன்.

பேச் நகரத்துச் சோர்தாஷ் எதெல்காவுக்கு
"அன்புள்ள சோர்தாஷ்" என்றே ஓராண்டு எழுதினேன்.
அங்கே குடும்பம் முன்னால் நடக்கும், ஆள் பின்னால்.
அவர் திருத்தவில்லை.
ஒருநாள் பதில் மட்டும் வந்தது:
"அன்புள்ள லிந்த்மார்க்,
இந்தத் தோல் பிடிக்கவில்லை. இந்த விலை பிடிக்கவில்லை.
கட்டைவிரலுக்கு நீங்கள் அனுப்பிய அளவு
மனிதருக்கானது இல்லை.
வியாழக்கிழமை சரக்கு வரும்."
வந்தது.

ஜனவரியில் ஸ்டாக்ஹோமிலிருந்து தோர்க்கெல்,
எல்லோரையும் ஒரே இணைப்பில் வைத்துக்கொண்டு,
"ஏப்ரலுக்குள் ஆறாயிரம் தோல். முடியுமா?"
வெர்க்நே
சுருக்கென்று மூச்சை உள்ளே இழுத்தார்.
அவ்வளவுதான்.
பயந்துவிட்டாரா என்றார் தோர்க்கெல்.
நெஞ்சுவலியா, யாராவது பாருங்கள் என்றார் எதெல்கா.
நான் சிரித்தேன்.
எங்கள் வடக்கிலும் ஆம் என்பது இதுதானே,
உதட்டைக் குவித்து ஒரு மிடறு காற்று.
என் அப்பா தேவாலயத்தில்
கல்யாணத்துக்குச் சம்மதித்ததே இப்படித்தான்;
பாதிரியார் இரண்டு முறை கேட்டாராம்.
"அது ஆம்" என்றேன்.
ஐந்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்
என் ஊர்க்காரர் ஒருவர் கிடைத்த மிதப்பில்
ஒப்பந்தத்தை அனுப்பினேன்.

தோல் வரவில்லை.
ஐம்பத்தைந்து நாள் நோன்பு.
கறிக்கடைக் கொக்கிகள் பாதி காலி.
அறுக்காத ஆட்டின் தோல்
ஆட்டின் மேலேயே இருக்கும்,
இதற்கு அபராதப் பிரிவு இல்லை.
"ஆம் என்றீர்களே!" என்று கத்தினேன்.
"என்றேன்" என்றார் வெர்க்நே.
"கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று.
நீங்கள் மேற்கொண்டு ஏதாவது கேட்பீர்கள்
என்று காத்திருந்தேன்."

அன்றிரவு ஈவார் பாத்திரம் துடைத்தபடி,
ஞாயிறு என் தங்கை வீட்டுக்குப் போகலாமா என்றான்.
மூச்சை இழுத்தேன்.
துணியைக் கீழே வைத்துவிட்டு
என்னையே பார்த்தான்.
"சோல்வெய்க், இது எந்த ஆம்?"
பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

மார்ச்சில் எதெல்காவின் வெட்டுமேசை ஓயவில்லை.
ஏன் என்று கேட்டேன்.
கணக்கில் இல்லாத நானூறு தோல்
செப்டம்பரிலிருந்து கிடங்கில் கிடக்கிறது,
யாரும் கேட்கவில்லை,
அறுத்துக்கொண்டிருக்கிறேன் என்றார்.
விலையையும் திட்டினார்.

இழுப்பறையிலிருந்து மஞ்சள் தாளை எடுத்தேன்.
மாதம் என்ற கட்டத்தில்
பதின்மூன்று என்று அடித்தேன்.
சிவந்தது.
இருக்கட்டும்.
அச்செடுத்து, கையால் எழுதி,
மூன்று ஊருக்கும் அனுப்பினேன்.
கீழே ஒரு வரி:
அடுத்த கூட்டம் ஒன்பது மணிக்கு.
யாருடைய ஒன்பது என்று
தயவுசெய்து கேளுங்கள்.